தேடல் பெட்டி இல்லாத திரை

ஆய்வுத் தரவுத்தளத்தின் புதிய திரையில் தேடல் பெட்டியே இல்லை. யாருடைய லாகினில் திறக்கிறோமோ, அவருக்குத் தேவையான கட்டுரைகளைக் கேட்கும் முன்பே கொண்டுவந்து வைத்துவிடும். வேளாண் கல்லூரி நூலகர் ஜெசிந்தா, ஒரு மாதமாக விடாத வயிற்றுவலிக்கு மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு அதைப் பழக்கும் முதல் வகுப்பைத் தொடங்கினார்.

"அது தப்பாக் கொண்டுவராது. நம்பி உக்காருங்க."

முன்வரிசையிலிருந்து ஆய்வு மாணவன் சேந்தன் வந்து உட்கார்ந்தான். அவனுடைய ஆய்வு நெல் குலைநோய் பற்றியது. திரையில் வந்ததோ கணையப் புற்றுநோய். அடுத்த பக்கத்திலும் அதுதான். அதற்கடுத்த பக்கத்திலும்.

அவன் முகம் வெளுத்துவிட்டது. "தப்பா வராதுன்னீங்களே, மேடம்."

ஜெசிந்தா குனிந்து திரையின் மூலையைப் பார்த்தார். செய்துகாட்டலாம் என்று தன் லாகினில் நுழைந்தவர், அதை மூடாமலே அவனை உட்காரவைத்திருந்தார்.

"பயப்படாதப்பா. இது என் லாகின்."

அவனுக்குப் போன உயிர் திரும்பியது. "அப்ப எனக்கு ஒண்ணுமில்லல்ல, மேடம்?"

"உனக்கு ஒண்ணுமில்லப்பா" என்றவர், மவுஸை வாங்கி, லாகினை மூடும் முன் அத்தனை கட்டுரைகளையும் சேமித்துக்கொண்டார்.