தைத்த பக்கங்கள்

பார்வை இன்னும் இரண்டு வருடம்தான் என்று டாக்டர் சொன்ன அன்று, தையல்காரி ரோஸ்லின் கடவுளைத் திட்டுவதற்காகவே கல்யாணத்தில் கொடுத்த பைபிளை முதன்முறையாகத் திறந்தாள். அதில் சங்கீதம் என்ற பாட்டுப் பகுதியில் ஒருவன் அவளுக்கு முன்பே முறையிட்டுக்கொண்டிருந்தான். அவனை நம்பலாம் போலிருந்தது. முதல் சங்கீதத்திலிருந்து மனப்பாடம் செய்து, முடித்த பக்கங்களை ஊசிநூலால் தைத்து மூடினாள்.

"திரும்பப் பாக்கணும்னா என்ன செய்வ?" என்றான், கோயில் வாசலை மிதிக்காத கணவன் பொன்சிங்.

"பாக்கக்கூடாதுன்னுதான் தைக்கேன்."

நூற்றிருபதாவது சங்கீதம் முடிந்தபோது கண் முழுதாக இருண்டது. மறுநாள் காலை புத்தகத்தை அவனிடம் நீட்டினாள்.

"தைக்காத பக்கத்துல இருந்து வாசிங்க."

அவன் தயங்கினான். "மொத வரியே கண்ணப் பத்தில்லா இருக்கு. விட்டுருவமா?"

"விடக்கூடாது. வாசிங்க."

அந்தச் சங்கீதத்தை ஏழாவது தடவை சொல்லும்போது அவன் புத்தகத்தைப் பார்க்கவில்லை. அவள் தடவித் தடவி ஊசியில் நூல் கோத்தாள்.