எதுவுமே பிடிக்கல

“உட்கார்றப்பவும் சரி, எழுந்திருக்கறப்பவும் சரி, எதுவுமே பிடிக்கலம்மா.”

மூடிய கதவுக்குள் மாமனார் யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார். காபி டம்ளரோடு வந்த மருமகளின் கால் வாசலிலேயே நின்றுவிட்டது.

“மருமக வந்தா மட்டும் பிடிச்ச மாதிரி நடிக்கிறேன். அவ மனசு நோகக் கூடாது பாரு! இன்னும் கொஞ்ச நாள்தான், அப்புறம் தனியாப் போயிடுவேன்.”

மகளிடம்தான் சொல்கிறார் போலிருக்கிறது. சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த கணவனிடம் ஓடினாள்.

“உங்கப்பாவுக்கு இந்த வீட்டுல எதுவுமே பிடிக்கலையாம். தனியாப் போகப் போறாராம்!”

“பின்னே? கண்டக்டரா ஆயுசு பூரா பஸ்ல நின்னே பொழைச்ச மனுஷனை நாற்காலியில நட்டு வச்சுட்டே. தண்ணி குடிக்கக்கூட எழுந்திருக்க விடறதில்ல. சுவர் முழுக்கக் கம்பி அடிச்சு வீட்டையும் பஸ் ஆக்கியாச்சு. டிக்கெட் கிழிக்கிறதுதான் பாக்கி!”

“கிண்டலா? குளியலறையில விழுந்து கிடந்தவரை முதல்ல பார்த்தது நான்தானே? இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது.”

பெற்ற அப்பாவின் முகம்கூட அவளுக்கு நினைவில்லை. வாய்தான் ‘மாமா’ என்று கூப்பிடும்; மனசு வேறு சொல்லும். அவரையும் விட்டுவிட அவளால் ஆகாது.

விறுவிறுவென்று போய்க் கதவைத் தள்ளினாள்.

“மாமா! இங்க என்ன பிடிக்கலைன்னு என்கிட்டயே சொல்லுங்க, மாத்திடறேன். போறேன்னு மட்டும் சொல்லாதீங்க!”

சுவரோரம் நகர்த்திப் போட்ட நாற்காலியில், கைகளை மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். கட்டிலில் சாய்த்து வைத்த போனுக்குள், அவர் விழுந்தபோது வைத்தியம் பார்த்த பிசியோதெரபி டாக்டரம்மா.

“மெதுவா எழுந்திருங்க சார். மூச்சை அடக்காதீங்க. தடுமாறினா மட்டும் பக்கத்துல தொட்டுக்கலாம். இப்படியே செஞ்சா சீக்கிரமே பூங்கா வரைக்கும் தனியாப் போயிடுவீங்க!”

மாமனார் முன்னால் குனிந்து, எதையும் தொடாமல், விசில் ஊதப்போகிற கண்டக்டர் மாதிரி நிமிர்ந்து நின்றார். முகமெல்லாம் சிரிப்பு.

“கம்பிதாம்மா பிடிக்கல!”