ரகசியத்துக்கு எத்தனை மார்க்?

வேகத்துக்கு முதல் கம்பெனி. பிழையில்லாமல் எழுதுவதற்கும் முதல் கம்பெனி. நடுவில் படுத்துவிடாமல் ஓடுவதிலும் அதுவேதான்.

ஆனாலும் புரோகிராமர் சிபாரிசு செய்தது இரண்டாவது கம்பெனியை.

"கண்ணை மூடிக்கிட்டு மார்க் போட்டீங்களாம்மா?" என்று சிரித்தார் நிர்வாகி.

மனம் உடைந்தவர்கள் போனில் பேசும் ஆலோசனை மையம் அது. பேச்சை அப்படியே எழுத்தாக்கித் தரும் இணையச் சேவை ஒன்று வேண்டும். ஒருவர் மறுபடி அழைத்தால், யார் எடுத்தாலும் முந்தைய பேச்சைப் படித்துவிட்டுத் தொடரலாம்.

"ரெண்டாவது, 'தூக்கம் வரலை'ன்னா 'துக்கம் வரலை'ன்னு எழுதுதே!" என்றார் கணக்காளர்.

"அதை நாம திருத்திக்கலாம் சார். ஆனா அது எழுதி முடிச்ச கையோட குரலை அழிச்சிடுது. முதல் கம்பெனி அழிக்காது."

"சரி, ரகசியம்னு ஒரு கட்டம் போட்டு அதுல முதல் கம்பெனிக்கு மார்க்கைக் குறைங்க. கூட்டினா அப்பவும் அதுதானே ஜெயிக்கும்?" என்றார் நிர்வாகி.

"ரகசியத்தைக் கூட்டக் கூடாது சார். அது வாசல் மாதிரி. தாண்டி வந்தவங்களுக்குத்தான் மத்த மார்க்கெல்லாம்."

கணக்காளர் தொண்டையைச் செருமினார். "சொல்ல வேண்டாம்னுதான் பார்த்தேன். இவங்க அந்த முதல் கம்பெனியில வேலை பார்த்தவங்க. ஏதோ மனஸ்தாபம். அதை இங்க தீர்த்துக்கறாங்க."

நிர்வாகியின் சிரிப்பு மறைந்தது. "நிஜமா?"

"வேலை பார்த்தது நிஜம். மனஸ்தாபம் இல்லை சார். நானாத்தான் விட்டேன்."

"என்ன வேலை?"

"மெஷின் தடுமாறின இடத்தை ஹெட்போன்ல கேட்டுத் திருத்தற வேலை. இதே மாதிரி இன்னொரு மையத்துக்கு வந்த அழைப்புகள்."

"ஆளுங்க கேட்பாங்களா?" நிர்வாகி நிமிர்ந்து உட்கார்ந்தார். உடனே தோளைக் குலுக்கினார். "கேட்டாத்தான் என்ன? பேர் கிடையாது, முகம் கிடையாது. யாரோ ஒருத்தர் குரல். அதுல யாருக்கு என்ன நஷ்டம்?"

"யாரோவாவே இருந்துட்டா நஷ்டமில்லை சார்."

"அப்ப, தெரிஞ்சவங்க குரல் எதுவும் வந்துச்சா?"

"அப்பத் தெரியலை. பிறகுதான் தெரிஞ்சது."

"யாரு?" கணக்காளர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அவள் லேப்டாப்பை மூடினாள். "அது வேண்டாம் சார்."

"பார்த்தீங்களா? கேட்டா பதில் இல்லை!" என்று கையை விரித்தார் கணக்காளர்.

முதல் கம்பெனி என்று முடிவாயிற்று. ஆனால் நிர்வாகிக்கு மண்டை குடைந்தது. காபி மெஷின் அருகே அவளைப் பிடித்துவிட்டார்.

"பேர் கேட்கலைம்மா. என்ன பேசினாங்கன்னு மட்டும் சொல்லுங்க."

"அதுவும் வேண்டாம் சார்."

"பிறகு தெரிஞ்சதுன்னா எப்ப? இங்க சேர்ந்த பிறகா?"

அவள் கப் நிரம்பி வழிவதைக்கூடக் கவனிக்கவில்லை.

நிர்வாகிக்குச் சட்டென்று அந்த இன்டர்வியூ ஞாபகம் வந்தது. அவர் முதல் கேள்வியைக் கேட்டதுமே, பதில் சொல்லாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள் இவள். புதுசு, பயப்படுகிறாள் என்று அன்று நினைத்துக்கொண்டார்.

மெதுவாகச் சுவரில் சாய்ந்தார்.

"என் மனைவி போன வருஷம் தவறினப்ப... இங்க பேசினா எல்லாருக்கும் என் குரல் தெரியுமேன்னு, வேற ஊர் மையத்துக்குத்தான் போன் பண்ணினேன். விடிய விடிய அழுதேன்."

அவள் தலையைக் குனிந்தபடி டிஷ்யூவால் மேஜையைத் துடைத்தாள்.

பிறகு சுவரை விட்டு நிமிர்ந்து சொன்னார்: "ரெண்டாவது கம்பெனிக்கே போன் பண்ணிடுங்க."

"சரி சார்."

"ஒண்ணு மட்டும் கேட்கிறேன். கணக்காளர் அவ்வளவு பேசும்போது, 'அது உங்க குரல்தான்'னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அங்கேயே ஜெயிச்சிருப்பீங்களே. ஏன் சொல்லலை?"

"அது நீங்க என்கிட்ட சொன்னது இல்லையே, சார்."