அவிழ்க்காத தலைப்பா

"துக்கம் கேக்க வந்தவன் தலைப்பாவை அவுக்க வேண்டாமா? என்ன வளர்ப்போ இது!"

வாசல்ல நின்ன அத்தனை பேரும் வீரப்பனைத்தான் முறைச்சாங்க.

ராமுத்தாய் வீட்டு ஜல்லிக்கட்டுக் காளை மயிலை, கார்த்திகைக் கடைசியில வயிறு ஊதிச் செத்துப்போச்சு. மாடுதானேன்னு யாரும் நினைக்கலை. மேளம் கொட்டி, கோடித்துணி போர்த்தி, தோட்டத்துலயே அடக்கம் பண்ணினாங்க. தாடிக்கொம்புல இருந்துகூட ஆளுங்க வந்தாங்க. வந்தவங்க எல்லாரும் தலையில இருந்த துண்டை எடுத்து இடுப்புல கட்டிக்கிட்டுத்தான் உள்ளே நுழைஞ்சாங்க.

வீரப்பன் அடக்கத்துக்கே வரலை. நாலு நாள் கழிச்சு வந்தவன், சேவல் கொண்டையாட்டம் தலைப்பாவோட வந்து நிக்கிறான்!

பக்கத்து ஊர் மாடுபிடி வீரன் அவன். வருசா வருசம் மயிலையைப் பிடிக்கப் பாஞ்சு, வருசா வருசம் மண்ணைக் கவ்வினவன்.

ராமுத்தாய் காலியாக் கிடந்த கட்டுத்தறியிலயே சுருண்டு கிடந்தா. ஒரு வாய்க் கஞ்சி இறங்கலை. பக்கத்துல மயிலைக்குப் பிறந்த இளங்காளை, விலா எலும்பு தெரிய நின்னுச்சு. அது அவ கையைத் தவிர யார் கையிலயும் தண்ணி குடிக்காது.

"ரெண்டு உசுரும் போயிரும் போலிருக்கே"ன்னு அவ புருசன் கருப்பணன் புலம்பிக்கிட்டிருந்தார்.

வீரப்பன் தொண்டையைச் செருமினான்.

"என்ன அயித்தே, மயிலை பயந்து செத்துப் போச்சாமே? இந்தத் தையில நான் பிடிச்சிருவேன்னு அதுக்கே தெரிஞ்சு போச்சு போல."

"ஏலே!"ன்னு கருப்பணன் பாய்ஞ்சார்.

"இருங்க மாமா. இந்த நோஞ்சானையாவது அவுத்து விடுவீகளா, இல்லே அடிமாட்டுக்குத் தள்ளிருவீகளா?"

ராமுத்தாய் விசுக்குனு எந்திரிச்சா. கையில கிடைச்ச விளக்குமாத்தை வீசினா.

"அடப்பாவி, நீ விளங்குவியா? எம்புள்ளை செத்த வீட்டுல வந்து சிரிக்கிறியே! தை வரட்டும்டா. இந்தக் கன்னு ஒன்னையத் தூக்கிப் போடலை, நான் ராமுத்தாய் இல்லடா!"

வீரப்பன் சிரிச்சுக்கிட்டே போயிட்டான். ஊரே காறித் துப்புச்சு.

அன்னிக்குச் சாயங்காலமே அவ கன்னுக்குத் தண்ணி காட்டினா. அதுவும் மடமடன்னு குடிச்சுச்சு. "அவனை வையிறதுக்காவது தெம்பு வேணுமில்ல"ன்னு அவளும் ஒரு கும்பா கம்பங்கூழைக் குடிச்சா.

அப்புறம் என்ன, பருத்திக்கொட்டை ஆட்டி வச்சா. குடகனாத்து மணல்ல நடத்திக் கூட்டிப்போனா. மண்ணைக் குத்தப் பழக்கினா. நடுநடுவே மயிலையை நினைச்சு அழுதா. அழுதுக்கிட்டே வீரப்பனையும் வஞ்சா.

தை வந்துச்சு.

வாடிவாசல்ல இருந்து இளங்காளை சீறிக்கிட்டு வந்துச்சு. வீரப்பன் விடலை. ஒரே தாவுல திமிலைக் கட்டிப் பிடிச்சான். காளை ஒரு சுத்து சுத்தி, ஒரு உதறு உதறுச்சு பாருங்க! ஆளு ஒரு பக்கம், தலைப்பா ஒரு பக்கம்.

"மாடு பிடிபடலை! ராமுத்தாய் மாடு ஜெயிச்சிருச்சு!"

அந்த வருசம்தான் புதுசா வந்த மைக்செட் அலறுச்சு. சீட்டியும் குலவையும் காதைப் பிளந்துச்சு.

ராமுத்தாய் முந்தானையை இடுப்புல சொருகிக்கிட்டு ஓடினா. வழியில கிடந்த தலைப்பாவைக் கையில எடுத்துக்கிட்டா.

"எங்கடா அந்தச் சூரப்புலி? இப்பச் சிரிடா பாப்போம்!"

புழுதியில உக்காந்திருந்தவன் நெசமாவே சிரிச்சான். வாயெல்லாம் பல்லு.

அப்பத்தான் அவன் தலையைப் பாத்தா. மழிச்ச தலையில அரைகுறையா முடி முளைச்சிருந்துச்சு.

"ஏலே... ஒங்க ஆத்தாளும் அப்பனும் கல்லுக்குண்டாட்டம் இருக்காகளே! யாருக்குடா மொட்டை போட்டே?"

வீரப்பன் தலையைத் தடவினான். சிரிப்பு நின்னு போச்சு.

"மயிலைக்குத்தான் அயித்தே. இன்னிக்கு முன்னாடி என்னையத் தூக்கிப்போட்ட ஒரே ஆம்பளை அவன்தானே! அன்னிக்குத் தலைப்பாவை அவுத்திருந்தா, நீயும் நானும் சேந்து அழுதுக்கிட்டுத்தான் இருந்திருப்போம். ஒனக்குக் கோவம் வந்தாத்தானே இந்தக் கன்னு பொழைக்கும்?"