தாளில் இல்லாத போல்ட்

"மறுபடியும் சொல்றேன், உங்களுக்கு ஒண்ணும் தெரியாது!"

"தெரியாது" என்று காருக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"நான் படிப்பேன். படிக்கறத மட்டும் செய்யணும். தாள்ல இல்லாத எதையும் உங்க கை செய்யக்கூடாது."

"உத்தரவு தாயே."

காரின் முன்சக்கரங்கள் இரண்டும் சாய்வுப் பலகைமேல் ஏறி நின்றன. அடியில் மல்லாந்து கிடந்த கணவனின் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. மனைவியின் கையில் ஒரு தாள், காதில் ஒரு பென்சில். 'வீட்டிலேயே எஞ்சின் ஆயில் மாற்றுவது எப்படி?' அவளே எழுதியது. ஒன்பது படிகள்.

பிள்ளைகளுக்காக எட்டு வருஷம் வீட்டிலிருந்துவிட்டு, ஒரு கார் கம்பெனியில் இப்படிக் குறிப்பு எழுதும் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். தற்காலிக வேலை. மூன்று மாதம் நாளையோடு முடிகிறது. காலை ஒன்பது மணிக்கு இந்தத் தாள் மேலதிகாரியின் மேசைக்குப் போக வேண்டும். சரியாக இருந்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் மறுபடியும் வீடுதான்.

"படி மூணு. எஞ்சினின் அடியில் உள்ள போல்ட்டைக் கழற்றவும்."

"கழட்டியாச்சு."

கறுப்பு ஆயில் குபுகுபுவென்று கொட்டியது. பாதி தரையில், பாதி அவன் சட்டையில்.

"ஐயையோ! அடியில ஒரு தட்டு வைக்க மாட்டீங்களா? சின்னப் பிள்ளைகூட வைக்குமே!"

"தட்டுன்னு நீ படிக்கவே இல்லையே."

அவள் தாளை மேலும் கீழும் பார்த்தாள். தட்டு இல்லை. ஓடிப்போய் ஒரு பழைய பேசினைக் கொண்டுவந்து தள்ளிவிட்டு, பென்சிலை எடுத்தாள்.

"சரி. படி அஞ்சு. புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் சிறிது எண்ணெய் தடவவும்."

கால்கள் வெளியே வந்தன. முழு ஆளும் வந்தான். நேராக வீட்டுக்குள் போனவன், சமையலறைப் பாட்டிலோடு திரும்பினான்.

"ஏங்க, அது தாளிக்கிற எண்ணெய்!"

"தாளிக்கிறதா, தலைக்குத் தேய்க்கிறதா, எதுன்னு நீ போடல. முதல்ல தலைக்குத் தேய்க்கிறதத்தான் தேடினேன். தீர்ந்துபோச்சு."

மதில் பக்கமிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. போன வாரம் குடிவந்த பக்கத்து வீட்டுக்காரர். காலையிலிருந்து செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் ஒரே செடியை மூழ்கடித்துக்கொண்டிருந்தார்.

"தெரியாத வேலையில ஏன் சார் தலையக் குடுக்கறீங்க?"

"மேலிடத்து உத்தரவு சார். மீறினா சோறு கிடைக்காது."

அவள் 'எண்ணெய்' என்பதை அடித்துவிட்டு 'புது எஞ்சின் ஆயில்' என்று எழுதினாள். ஃபில்டர் பொருத்தியாகிவிட்டது.

"படி ஏழு. புது ஆயிலை ஊற்றவும்."

அவன் கேனைச் சாய்த்து, சற்று நிறுத்தினான். "ஊத்தட்டா?"

"ஊத்துங்கன்னா ஊத்துங்களேன்! இதுக்குமா கேப்பீங்க?"

ஊற்றினான். மேலே போன ஆயில் அதே வேகத்தில் கீழே பேசினில் இறங்கியது. பேசின் நிரம்பி அவள் செருப்புவரை வந்தது.

"நிறுத்துங்க! போல்ட் எங்க?"

"கையில."

"திரும்ப மாட்ட வேண்டாமா?"

"எந்தப் படியில வருது?"

அவள் தாளை மறுபடி பார்த்தாள்; எந்தப் படியிலும் இல்லை. வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இத அச்சடிச்சிருந்தா எத்தனை பேர் வாசல் நாறியிருக்கும்! எனக்கு இந்த வேலை லாயக்கே இல்லைங்க."

அவன் எதிரில் குந்தினான். "பைத்தியம். ஊர் வாசலெல்லாமா நாறுச்சு? நம்ம வாசல்தானே? ஓட்டை மூணு. மூணும் என் சட்டையோட போச்சு. எழுது."

எழுதினாள். ஒன்பது படிகள் பதினொன்றாயின. விட்ட இடத்திலிருந்து வரிசையாகப் படித்தாள். போல்ட் ஏறியது. இன்னொரு கேன் ஆயில் ஏறியது. எஞ்சின் பூனைபோல உறுமி அடங்கியது. அவன் மறுபடி அடியில் நுழைந்தான்.

"படி பதினொண்ணு. அடியில் கசிகிறதா என்று பார்க்கவும்."

"ஒரு சொட்டு இல்ல! வேலை உனக்குத்தான், போ!"

அவள் தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். கண் தளும்பியது.

பக்கத்து வீட்டுக்காரருக்கு மனசு கேட்கவில்லை. குழாயைக் கீழே போட்டார்.

"அழாதீங்கம்மா. சார் பாவம், ஆர்வக்கோளாறு. நாளைக்கே எஞ்சின் போய்டும். எங்க ஆபீஸ்ல ஒரு மெக்கானிக்கோட நம்பர் குடுத்தாங்க. கண்ணக் கட்டி விட்டாக்கூட பத்தே நிமிஷத்துல ஆயில் மாத்துவாராம். ஊர்ல அவர அடிச்சுக்க ஆளே இல்லையாம். என் வண்டிக்கே இன்னும் பேசல. உங்களுக்காக இப்பவே பேசறேன்."

"ஐயோ, வேண்டாங்க..."

"சும்மா இருங்கம்மா."

அவர் எண்ணை அழுத்திக் கைபேசியைக் காதில் வைத்தார்.

காருக்கு அடியில் மணி அடித்தது. அங்கே ஒரு கை பேன்ட் பாக்கெட்டைத் தடவியது.

"வணக்கம் சார், மெக்கானிக்தான் பேசறேன்" என்று காதிலும் காருக்கு அடியிலும் ஒரே நேரத்தில் கேட்டது. "நாளைக்குக் காலையில ஒர்க்‌ஷாப்புக்கு வண்டியக் கொண்டாங்க. இன்னிக்கு வீட்டம்மா வேலைக்காக லீவு போட்டிருக்கேன்."