ஆறே ஆறு வழி

“ஏழாம் கிளாஸ் கணக்குப் புலியே, சீக்கிரம் சொல்லு! மூணு சக்கரம் வச்ச நம்பர் பூட்டு. ஒவ்வொண்ணுலயும் பத்து எண். மொத்தம் எத்தனை வழி?” சாக்லேட் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அப்பா பரபரத்தார்.

“பத்தைப் பத்தால பெருக்கி, மறுபடி பத்தால பெருக்கணும். ஆயிரம்ப்பா!” என்றாள் மகள். “ஒண்ணுக்கு மூணு செகண்டுன்னாலும் ஐம்பது நிமிஷம்.”

“அய்யோ, உங்கம்மா பத்து நிமிஷத்துல வந்துடுவாளே! எனக்குச் சர்க்கரை ஏறிப்போச்சுன்னு பூட்டி வச்சவ, பார்த்தான்னா அவ்வளவுதான்.”

“அம்மா எந்தப் பூட்டுக்கும் நம்ம வீட்டு நம்பரைத்தானே மாத்தி மாத்திப் போடுவாங்க? ரெண்டு, அஞ்சு, எட்டு. முதல் இடத்துக்கு மூணுல ஒண்ணு, அடுத்ததுக்கு மிச்சம் ரெண்டுல ஒண்ணு, கடைசிக்கு இருக்கறது ஒண்ணுதான். ஆறே ஆறு வழிப்பா!”

“என் தங்கமே!”

258. அசையவில்லை. 285. ம்ஹூம். 528... க்ளிக்!

துள்ளிக் குதித்த அப்பா மூடியைத் திறந்தார். உள்ளே வெறும் சாக்லேட் தாள்கள்தான் கசங்கிக் கிடந்தன.

“மூணாவதுலயேவா!” மகள் வாயைப் பிளந்தாள். “கொடுத்து வச்சவர்ப்பா நீங்க. நேத்து எனக்கு ஆறாவதுலதான் திறந்துச்சு!”