மொழிபெயர்ப்பாளர் வராத கல்யாணம்

"மொழிபெயர்ப்பாளர் இல்லாம கல்யாணத்தை நடத்த முடியாதும்மா. சட்டம்!"

நகராட்சி மண்டபத்தில் பதிவாளர் ஹோலுபோவா இப்படிக் கையை விரித்துவிட்டார். எங்கள் செக் நாட்டுக் கல்யாண வழக்கப்படி சட்டையில் ரோஸ்மேரிக் கொத்தைக் குத்திக்கொண்டு சொந்தபந்தம் அத்தனையும் நிற்கிறோம்.

மாப்பிள்ளை லெவான் ஜார்ஜியாக்காரன். எதற்குத் தலையாட்டுகிறோம் என்று அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் இந்தச் சட்டம். அப்படிப் புரிந்து தலையாட்டுகிற மாப்பிள்ளை எந்த நாட்டில் இருக்கிறான் என்று மட்டும் கேட்காதீர்கள்.

அவன் அம்மா அங்கிருந்து விமானம் ஏறி வந்திருக்கிறாள். நாளைக் காலையில் திரும்ப வேண்டும். மண்டபத்தில் அடுத்த தேதி இலையுதிர்காலத்தில்தான். இன்று நடக்காவிட்டால் மகன் கல்யாணத்தை அவள் பார்க்கப்போவதில்லை.

மணப்பெண் ராட்காவுக்கு நான் அக்கா முறை. பதறிப்போய் மொழிபெயர்ப்பாளருக்குப் போன் போட்டேன்.

"என்னங்க விளையாடுறீங்களா? பொண்ணோட அம்மாதானே நேத்து கூப்பிட்டு, வர வேண்டாம்னு சொன்னாங்க!"

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அத்தனை தலைகளும் பெரியம்மா போஷெனா பக்கம் திரும்பின.

"அம்மா!" ராட்காவின் குரல் உடைந்தது. "கடைசி நேரத்துல இப்படிக் கவுத்துட்டியே!"

"எனக்கு அப்பவே தெரியும்," என்று சித்தப்பா முணுமுணுத்தார். "பள்ளிக்கூடத்துல ரஷ்ய மொழி படிச்சவதானே இவ? அந்தப் பையனுக்கும் அது தெரியும். ஒரு வார்த்தை பேசியிருப்பாளா? வருஷம் பூரா நம்ம மொழியிலயே திட்டித் தீர்த்தா. பிடிக்கலைன்னா நேரா சொல்லித் தொலைக்கலாமில்ல?"

பெரியம்மா கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி லெவானையே முறைத்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற பெண்ணுக்கு இப்படிக் குழி தோண்டுவாளா ஒருத்தி?

வாசலில் அடுத்த ஜோடி வந்து நின்றுவிட்டது.

"ஒரே ஒரு வழிதான்," என்றார் ஹோலுபோவா. "மாப்பிள்ளைக்கு நிஜமாவே செக் மொழி புரியுதுன்னு எனக்கு நம்பிக்கை வரணும். சொல்லுங்க தம்பி, எங்க வேலை பார்க்கிறீங்க?"

லெவானுக்கு வியர்த்தது. "நான்... வெல்டிங் பட்டறையில்... வேலை செய்கிறேன்."

"மனப்பாடம் பண்ணின மாதிரி இருக்கே! வேற ஏதாவது பேசுங்க. ம்... உங்க மாமியாரைப் பத்திச் சொல்லுங்க, பார்ப்போம்."

போச்சுடா என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

லெவான் பெரியம்மாவைப் பார்த்தான். என்ன தோன்றியதோ, சட்டென்று இடுப்பில் கையை வைத்தான்.

"'அடப்பாவி! உருளைக்கிழங்கைத் தோண்டச் சொன்னேனா, குத்திக் கொல்லச் சொன்னேனா? ஷூவைக் கழட்டுடா! வாசல்லயே கழட்டு, இப்பத்தானே துடைச்சேன்! இன்னும் ரெண்டு மாவுருண்டை போட்டுக்கோ. வேண்டாம்னா என்ன அர்த்தம்? என் சமையல்ல அப்படி என்னடா குறை?'"

அதே குரல். அதே இழுவை. கடைசியில் பெரியம்மா மூக்கை உறிஞ்சுவாளே, அதுகூட!

மண்டபம் அதிர்ந்தது. சித்தப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"தினமும் இதான்," என்றான் லெவான். "எனக்கு எல்லாமே புரியும். காய்ச்சல் வந்தா மட்டும் திட்ட மாட்டாங்க. சூப் வச்சுக் குடுத்துட்டுப் பக்கத்துலயே உக்காந்திருப்பாங்க. அப்பதான் எனக்குப் பயமா இருக்கும்."

ஹோலுபோவா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இந்த மொழியை எந்தப் பள்ளிக்கூடத்துலயும் சொல்லித்தர மாட்டாங்க. வாங்க, வாங்க, எல்லாரும் இடத்துல நில்லுங்க!"

"சம்மதமா?" என்று கேட்டார்கள்.

"சம்மதம்!" என்று அவன் போட்ட சத்தம் சந்தைத் தெரு வரை கேட்டிருக்கும். எதுவும் புரியாவிட்டாலும் அவன் அம்மாதான் முதலில் கை தட்டினாள்.

வெளியே வழக்கப்படி தட்டை உடைத்தார்கள். புருஷனோடு சேர்ந்து சில்லுகளைப் பெருக்கிக்கொண்டே ராட்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏம்மா மொழிபெயர்க்கிற அந்தம்மாவை வர வேண்டாம்னு சொன்னே? இவர் திணறியிருந்தா என் கதி?"

"என்கிட்ட ஒரு வருஷம் திட்டு வாங்கினவன் திணறுவானா?" பெரியம்மா மூக்கை உறிஞ்சினாள். "என் பொண்ணைக் கட்டிக்கச் சம்மதம்னு அவன் சொல்றதை, வேற எவ வாயாலயோ கேக்கவாடி நான் தொண்டை கிழியக் கத்தினேன்?"